தம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி

டாக்டருக்கு வணக்கம். என் தம்பிக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான். போன வருடம், இடது விலாவுக்குக் கீழே கல்லை வைத்ததுபோல் கனமாக இருக்கிறது, இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு அடைத்துக்கொள்கிறது என்றான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெள்ளை அணுக்கள் 1,80,000. சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். கீமோ ஊசி கிடையாது, கரண்ட் வைப்பது கிடையாது. தினமும் இமாட்டினிப் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, அவ்வளவுதான். அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள். 14 மாதம் ஆகிறது. ஒரு வருடம் முடிந்தபோது எடுத்த ரிப்போர்ட்டில் 0.08 சதவீதம் என்று வந்தது. ஹீமோகுளோபின் 12.4.

ஆள் நன்றாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான். ஆனால் காலையில் கண் வீங்கியிருக்கிறது, முகம் வெளுத்துக்கொண்டே வருகிறது. “நோய் போய்விட்டது, இந்த மாத்திரைதான் பிள்ளையின் ரத்தத்தை உறிஞ்சுகிறது” என்று அம்மா ஒரே பிடிவாதம். டாக்டரிடம் கேட்காமலே இரண்டு மாதமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சாப்பிடுகிறான். எங்கள் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது கீமோவில் முடியெல்லாம் கொட்டிப் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். இவனுக்கு மட்டும் ஒரு மாத்திரையில் எப்படி அடங்கும்? எங்களிடம் எதையாவது மறைக்கிறார்களா? இலவச மாத்திரை, கம்பெனி மாத்திரை அளவுக்கு வேலை செய்யுமா? இப்போது நிறுத்தலாமா? பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். அவர்களிடம் சொல்ல வேண்டுமா? குழந்தைக்கு வருமா?

– ஓர் அக்கா, ஈரோடு மாவட்டம்

பதில்

அன்புத் தங்கைக்கு,

இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி சாப்பிட்டதும் தம்பி மாத்திரையைப் போடட்டும். நாளைக்கும் போடட்டும். விட்டுப்போனதைச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம், ஒன்றே போதும். இந்த வாரத்திலேயே மருத்துவமனைக்குப் போய், இரண்டு மாதமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சாப்பிட்டேன் என்று அவன் வாயால் சொல்லட்டும். டாக்டர் திட்டுவார் என்று பயப்பட வேண்டாம். திட்டினாலும் பரவாயில்லை. அது தெரியாமல் அடுத்த ரிப்போர்ட்டைப் பார்க்கிற டாக்டர், மருந்து தோற்றுவிட்டது என்று தப்பாக முடிவுகட்டிவிடக் கூடும். அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். யாரும் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. ஒரு மாத்திரையில் அடங்குகிற ரத்தப் புற்றுநோய் உண்மையிலேயே இருக்கிறது. எல்லா ரத்தப் புற்றுநோயும் அப்படியல்ல, தம்பிக்கு வந்திருப்பது அப்படிப்பட்டது. ஏன் அடங்குகிறது என்பது அம்மாவுக்குப் புரிந்துவிட்டால் மாத்திரையை அவரே எடுத்துக் கொடுப்பார் என்று நம்புகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் உடம்பில் எந்தச் செல்லும் தன் இஷ்டத்துக்குப் பெருகுவதில்லை. பெருகு என்று உத்தரவு வர வேண்டும். காயம்பட்டால் தோலுக்கு வரும், ரத்தம் குறைந்தால் எலும்பு மஜ்ஜைக்கு வரும். செல்லின் வெளிச்சுவரில் வந்து சேரும் அந்தச் செய்தியை, உள்ளே இருக்கும் புரதங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, கடைசியில் மரபணுக்கள் இருக்கும் உட்கருவரை கொண்டுபோகின்றன. இவைதான் சமிக்ஞைப் புரதங்கள். இவற்றில் முக்கியமான ஒரு கூட்டத்துக்குக் கைனேஸ் என்று பெயர். கைனேஸ் செய்யும் வேலை ஒன்றுதான். ஏ.டி.பி. என்கிற சக்தி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி, அடுத்த புரதத்தின் மேல் ஒட்டும். ஒட்டினால் அந்தப் புரதம் விழித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்தப் பாஸ்பேட்டை எடுத்துவிட வேறு புரதங்கள் இருக்கின்றன. ஆன் செய்ய ஆள் உண்டு, ஆஃப் செய்யவும் ஆள் உண்டு.

தம்பியின் எலும்பு மஜ்ஜையில் என்றோ ஒருநாள் ஒரே ஒரு தாய்ச் செல்லில் ஒரு விபத்து நடந்திருக்கிறது. 9ஆம் குரோமோசோமின் நுனியும் 22ஆம் குரோமோசோமின் நுனியும் உடைந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டன. 9இல் இருந்த ஏபிஎல் என்ற கைனேஸ் மரபணு, 22இல் இருந்த பிசிஆர் என்ற மரபணுவோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ரிப்போர்ட்டில் பிசிஆர்-ஏபிஎல் என்று போட்டிருக்கிறதே, அது இந்தக் கலப்பு மரபணுவின் பெயர். கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட பரிசோதனையின் பெயரும் தமிழில் இதேபோல் ஒலிப்பதால் பலர் குழம்பிப்போகிறார்கள். அது சோதனை முறையின் பெயர், இது மரபணுவின் பெயர். ஏபிஎல் தனியாக இருந்தவரை உத்தரவு வந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். கலப்பான பிறகு நிற்கத் தெரியாது.

ஈரோட்டுப் பக்கம் கிணற்று மோட்டார் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். சில சமயம் ஸ்டார்ட்டருக்குள்ளே காண்டாக்ட் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். சிவப்புப் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது, தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். பிசிஆர்-ஏபிஎல் புரதம் அப்படி ஒட்டிக்கொண்ட ஸ்டார்ட்டர். வழிகிற தண்ணீர்தான் அந்த 1,80,000 வெள்ளை அணுக்கள். அவை போய்த் தேங்கியதால்தான் மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கல் வைத்ததுபோல் இருந்தது.

அந்த நேரத்தில் நாம் என்ன செய்வோம்? பீஸ் கட்டையைப் பிடுங்குவோம். இமாட்டினிப் செய்வது அதைத்தான். அந்தக் கைனேஸில் ஏ.டி.பி. வந்து உட்காருவதற்கென்று ஒரு குழி இருக்கிறது. மாத்திரை அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏ.டி.பி. வர இடமில்லை, கரண்ட் இல்லை, மோட்டார் நின்றுவிடும். அந்தச் சமிக்ஞையை நம்பியே உயிர் வாழ்ந்த நோய்ச் செல்கள் மடிந்துபோகும். பெரியம்மாவுக்குக் கொடுத்த கீமோ, வேகமாகப் பெருகும் எந்தச் செல்லையும் தாக்கும். முடியின் வேரும் வேகமாகப் பெருகுவதுதான், அதனால் முடி கொட்டியது. இமாட்டினிப் முக்கியமாகக் குறிவைப்பது ஒரு புரதத்தின் ஒரு குழியை. அதனால் தம்பிக்கு முடி கொட்டவில்லை.

ஒட்டிய ஸ்டார்ட்டர் இன்னும் ஒட்டியபடியேதான் இருக்கிறது என்பதை மட்டும் அம்மா மறக்கக் கூடாது. மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 18 மணி நேரம் ஆகும். தினமும் ஒன்று போட்டால் பீஸ் கட்டை பிடுங்கியபடியே இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால், அடுத்த மாத்திரைக்குள் மருந்து கால் பங்குக்கும் கீழே போய்விடும். அந்த நேரத்தில் கட்டையை நாமே திரும்பச் சொருகிவிடுகிறோம்.

இந்த மருந்து வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர், எத்தனை வருடம் இதற்கு உழைத்தார்கள் என்று தெரிந்தால் அந்தச் சின்ன மாத்திரையின் மேல் தம்பிக்கு ஒரு மரியாதை வரும். 1960இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. தம்பியின் முதல் ரிப்போர்ட்டில் ‘ஃபிலடெல்ஃபியா பாசிட்டிவ்’ என்று இருக்கும், எடுத்துப் பாருங்கள். குட்டையானதன் துண்டு எங்கே போனது என்று 1970களின் தொடக்கம்வரை யாருக்கும் தெரியாது. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற டாக்டர், குரோமோசோம் படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாகக் கத்தரித்து அடுக்கிப் பார்ப்பார். நான்கு பிள்ளைகளின் தாய். அப்படி அடுக்கும்போதுதான் 22இல் குறைந்த துண்டு 9இல் ஒட்டியிருப்பதைப் பிடித்தார். 1973இல் அதை வெளியிட்டார். புற்றுநோயில் குரோமோசோம் மாறுவது விளைவுதான், காரணமல்ல என்று அன்றைக்குப் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடமாற்றத்தில் பிறப்பது ஒரு கைனேஸ் என்பது 1980களில் தெளிவானது. உடம்பில் நூற்றுக்கணக்கான கைனேஸ்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் அந்த ஏ.டி.பி. குழி ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்றை மட்டும் அடைக்கிற மருந்து எப்படி வரும், எல்லாவற்றையும் அடைத்து ஆளைக் கொன்றுவிடும் என்றார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நிக்கலஸ் லைடன் இருந்த குழு மூலக்கூறுகளைச் செய்துகொண்டே வந்தது. அவற்றை அமெரிக்காவின் ஆரிகனில் பிரையன் டிரக்கர் நோய்ச் செல்களில் சோதித்தார். தேறி வந்ததன் சோதனைப் பெயர் எஸ்.டி.ஐ. 571. அந்த மூன்று எழுத்துக்குப் பொருளே ‘சமிக்ஞையைத் தடுப்பது’ என்பதுதான். 1998இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அன்றைய சிகிச்சையான இன்டர்ஃபெரான் ஊசி பலிக்காமல் போனவர்கள் அவர்கள். தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. புற்றுநோய் மருத்துவத்தில் அதுவரை யாரும் பார்த்திராத கணக்கு அது. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆரம்பத்திலேயே இந்த மருந்தைத் தொடங்கியவர்களைத் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில், 10 ஆண்டுக்குப் பிறகும் 100க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். மாத்திரைக்கு முந்தைய காலத்தில், நோய் மூன்று முதல் ஐந்து வருடம் அமைதியாக இருந்து, பிறகு தீவிர ரத்தப் புற்றுநோயாக வெடித்துவிடும்.

பெரியம்மாவுக்கு ஏன் இப்படி ஒரு மாத்திரை இல்லை என்று உங்கள் மனசுக்குள் ஓடும். சி.எம்.எல்.லின் ஆரம்பக் கட்டத்தில் கெட்டுப்போன ஸ்டார்ட்டர் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். மார்பகம், நுரையீரல், குடல் புற்றுநோய்களில் பல ஸ்டார்ட்டர்கள் ஒரே நேரத்தில் கெட்டிருக்கும். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்றின் வழியே தண்ணீர் வரும். ஆனாலும் அங்கேயும் இதே வழியில்தான் மருத்துவம் போய்க்கொண்டிருக்கிறது. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஐந்து, ஆறு பேரில் ஒருவருக்கு ஹெர்-2 என்ற சமிக்ஞைப் புரதம் அளவுக்கு மீறி இருக்கும். அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி 1998இலேயே வந்துவிட்டது. பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் கெட்டிருப்பது நம் ஆசிய நாடுகளில் அதிகம், அதற்கும் மாத்திரை உண்டு. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்தால், கட்டியில் எந்தச் சமிக்ஞை கெட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா என டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இப்போது முகம் வெளுப்பதற்கு வருகிறேன். அம்மா ரத்தம் குறைந்துவிட்டது என்று நினைக்கிறார். ஹீமோகுளோபின் 12.4 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆணுக்கு அது கொஞ்சம் குறைவுதான். இந்த மாத்திரை எடுப்பவர்களிடம் அந்த அளவு அடிக்கடி பார்ப்பதுதான், அதனால் முகம் வெளுக்காது. நடப்பது வேறு. இமாட்டினிப் ஏபிஎல் குழியில் உட்காருவதோடு, கிட் என்ற இன்னொரு கைனேஸின் குழியிலும் உட்காரும். தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் செல்களுக்கு வேலை செய்யச் சொல்வது அந்தக் கிட்தான். உத்தரவு வராததால் அந்தச் செல்கள் சோம்பிவிடுகின்றன, தோல் வெளுக்கிறது. வெள்ளைக்காரர்களிடம் இது கண்ணுக்குத் தெரியாது, நம்மிடம் நன்றாகத் தெரியும். என்னிடம் வருகிற குடும்பங்களில் பாதிப் பேர் இதைச் சொல்லிப் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் பிள்ளை சிவப்பாகிவிட்டான் என்று சந்தோஷப்படுகிறார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. வெயிலில் போகும்போது தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இருந்தால் போதும். இதே கிட் கெட்டுப்போய் வரும் ஒருவகை வயிற்றுக் கட்டிக்கும் இதே இமாட்டினிப்தான் மருந்து என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

காலையில் கண் இமை வீங்குவது நீர் கோப்பதால். உப்பைக் குறைத்து, தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்கட்டும். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, குமட்டல், வயிற்றுப்போக்கு எல்லாம் இந்த மாத்திரையில் வரக் கூடியவைதான். வெறும் வயிற்றில் போடாமல், நன்றாகச் சாப்பிட்ட பிறகு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டால் குமட்டல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு வாரத்தில் இரண்டு மூன்று கிலோ எடை கூடினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் விடாமல் இருந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ உடனே போக வேண்டும். அப்போதும் நிறுத்துவதா குறைப்பதா என்பதை மருத்துவமனைதான் சொல்ல வேண்டும்.

0.08 என்ற எண்ணைப் பார்த்துத்தானே நோய் போய்விட்டது என்று முடிவுசெய்தீர்கள்? ரத்தத்தில் பிசிஆர்-ஏபிஎல் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து சொல்லும் எண் அது. நல்ல எண்தான், சந்தேகமே இல்லை. மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள், ஆறு மாதத்தில் 1 சதவீதத்துக்குள், ஒரு வருடத்தில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது உலகம் முழுக்க நாங்கள் பார்க்கும் கணக்கு. தம்பி தேறியிருக்கிறான். ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும்போது உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி நோய்ச் செல்கள் இருக்கும் என்பது தோராயக் கணக்கு. அதில் 0.08 சதவீதம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட 80 கோடி வருகிறது. அத்தனையும் இன்றைக்கும் அந்த ஒட்டிய ஸ்டார்ட்டரோடு உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு இதில் ஒரு பழைய வருத்தம் உண்டு. நாற்பது வயதை ஒட்டிய ஒரு லாரி டிரைவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். மூன்று வருடம் அருமையாகப் போனது. யாரிடமும் நான் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதில்லை, அட்டையைக் கொடுங்கள் என்பேன். அன்றைக்கு மஞ்சப்பையிலிருந்து அவர் அட்டையை எடுத்து நீட்டினார். பின்பக்கம் வெள்ளிக் காகிதத்தில் அவருடைய மகள் பேனாவால் ஒவ்வொரு குழிக்கும் தேதி எழுதியிருந்தாள். 9ஆம் தேதி கிழியவில்லை. 11 கிழியவில்லை. 14, 15, 16 கிழியவில்லை. “வடக்கே லோடு போனேன் சார், பையை வீட்டில் வைத்துவிட்டேன்” என்றார். அதற்குப் பிறகு நான்கு மாதம் வரவே இல்லை. வந்தபோது வெள்ளை அணுக்கள் 90,000. மறுபடி தொடங்கிய மாத்திரை வேலை செய்யவில்லை. சோதித்துப் பார்த்ததில் டி315ஐ என்று ரிப்போர்ட் வந்தது.

அது என்னவென்று சொல்கிறேன். நோய்ச் செல்கள் பெருகும்போது பிழைகள் நடந்துகொண்டே இருக்கும். கோடிக்கணக்கில் பெருகினால், எங்கோ ஒரு செல்லில் அந்தக் குழியின் வாசலிலேயே ஒரு பிழை விழலாம். ஏபிஎல் புரதச் சங்கிலியில் 315ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே ஐசோலூசின் என்ற வேறு அமினோ அமிலம் வந்துவிட்டால் வாசல் குறுகிவிடும். ஏ.டி.பி. உள்ளே போகும், இமாட்டினிப் போக முடியாது. அதற்கு அடுத்து வந்த டாசாட்டினிப், நைலோட்டினிப் மருந்துகளாலும் அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. 2012இல் வந்த பொனாட்டினிப் தாண்டியது. 2021இல் வந்த அசிமினிப் அந்த வாசலை விட்டுவிட்டு, அதே புரதத்தின் முதுகுப் பக்கமுள்ள வேறொரு குழியில் போய் உட்கார்ந்து அணைக்கிறது. இரண்டும் விலை மிக அதிகம், பொனாட்டினிப் ரத்தக் குழாய்களை அடைக்கவும் கூடும். நிறுத்தியதால்தான் அவருக்கு அந்த மாற்றம் வந்தது என்று என்னால் ஆணையிட்டுச் சொல்ல முடியாது. செல்கள் பெருகுவதற்கு நாம் விட்ட ஒவ்வொரு நாளும் அந்தப் பிழை விழ ஒரு வாய்ப்பு என்பதை மட்டும் சொல்ல முடியும்.

எத்தனை நாள் விட்டால் ஆபத்து என்று கேட்பீர்கள். லண்டனில் 87 நோயாளிகளின் மாத்திரைப் புட்டி மூடியில் ஒரு சிப் வைத்து, எப்போது திறக்கிறார்கள் என்று மூன்று மாதம் கணக்கெடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தது. 100க்கு 90 மாத்திரைக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில், உங்கள் தம்பி தொட்டிருக்கும் 0.1 அளவை ஆறு வருடத்தில் எட்டும் வாய்ப்பு 94.5 சதவீதம். 90ம் அதற்குக் குறைவும் எடுத்தவர்களுக்கு 28.4 சதவீதம். மாதத்துக்கு மூன்று மாத்திரை விட்டாலே 90தான். தம்பி மாதத்துக்கு 15 விட்டிருக்கிறான்.

ஆனால் ஆயுள் முழுக்கச் சாப்பிட்டே ஆக வேண்டுமா என்றால், இன்றைக்கு என் பதில் அப்படியில்லை. பிரான்சில், சோதனையில் நோயின் சுவடே தெரியாமல் குறைந்தது இரண்டு வருடம் இருந்த 100 பேருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய 40 பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறேழு மாதத்துக்குள் திரும்பியது. மாதா மாதம் சோதித்ததால் உடனே பிடித்து, மாத்திரையை மறுபடி தொடங்க, அநேகமாக எல்லோருக்கும் அடங்கிவிட்டது. டோஸைப் பாதியாகக் குறைத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. அதுவும் குறைந்தது மூன்று வருடம் மருந்து எடுத்தவர்களிடம், மாதாமாதம் அளந்து பார்த்துச் செய்தது. இன்றைய வழக்கப்படி, குறைந்தது மூன்று வருடம், பல டாக்டர்களின் கணக்கில் ஐந்து வருடம் மருந்து எடுத்திருக்க வேண்டும். அதில் கடைசி இரண்டு மூன்று வருடமாவது 0.01 சதவீதத்துக்கும் கீழே அசையாமல் நின்றிருக்க வேண்டும். தம்பி மருந்து தொடங்கி 14 மாதம்தான் ஆகிறது, ஒரு வருட முடிவில் 0.08இல் இருந்தான். அந்த நாள் அவனுக்கும் வரலாம், அதற்கு வழி தினசரி மாத்திரைதான். என்னைக் கேட்டால், மாதா மாதம் நம்பகமான அளவுப் பரிசோதனை செய்துகொள்ள வசதியில்லாத யாருக்கும் நிறுத்தும் பேச்சையே நான் எடுக்க மாட்டேன்.

இலவச மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது உங்கள் கைக்கு வந்ததில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கண்டுபிடித்த நோவார்ட்டிஸ் நிறுவனம், இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். அதை எதிர்த்தவர்களில் புற்றுநோயாளிகள் நலச் சங்கம் ஒன்றும் உண்டு. 2006 ஜனவரியில் அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிராகரிக்கக் காரணமாக இருந்த சட்டப் பிரிவையே எதிர்த்து நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, 2007இல் அங்கேயும் தோற்றது. கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புது வடிவம் சிகிச்சையில் கூடுதல் பலன் தருவதாகக் காட்டினால்தான் காப்புரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த நிறுவனத்தின் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய், நம் ஊர்க் கம்பெனிகள் செய்தது 8,000 முதல் 10,000 ரூபாய் என்று இருந்த காலம் அது. பிறகு இன்னும் இறங்கியது. நோவார்ட்டிஸ் பல ஆயிரம் பேருக்கு இலவசமாகவும் மருந்து கொடுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு நாட்டின் நோயாளிகள் எல்லோரும் நன்கொடையை நம்பி இருக்க முடியாது. அந்த வகையில் அந்தத் தீர்ப்பு எனக்குப் பெரிய ஆறுதல்.

உள்ளே இருக்கும் மருந்து அதே இமாட்டினிப்தான். என் நோயாளிகளில் பெரும்பாலோர் நம் ஊர்த் தயாரிப்பில்தான் வருடக்கணக்காக நன்றாக இருக்கிறார்கள். முடிந்தவரை ஒரே தயாரிப்பைத் தொடரட்டும். மாற்றிக் கொடுத்தால் அட்டையை வைத்துக்கொண்டு அடுத்த தடவை டாக்டரிடம் காட்டட்டும், மூன்று மாதத்தில் அளவு பார்த்துவிடுவார்கள்.

அம்மா நாட்டு மருந்து ஏதாவது கொடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்தால் பொட்டலத்தோடு மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். சில பஸ்பங்களில் உள்ள உலோகங்கள் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இமாட்டினிப்பும் கல்லீரல் வழியாகத்தான் வெளியே போகிறது. அதேபோல் தம்பிக்குக் காசநோய் மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ யாராவது எழுதினால், இமாட்டினிப் சாப்பிடுகிறேன் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின் இரண்டும் இமாட்டினிப்பை ரத்தத்திலிருந்து வேகமாகத் துரத்திவிடும். பம்பளிமாஸ் பழம் அதற்கு நேர்மாறாக அளவைக் கூட்டிவிடலாம், அதைத் தவிர்க்கட்டும்.

கல்யாணத்துக்குத் தடையில்லை. இந்தக் குரோமோசோம் விபத்து மஜ்ஜைச் செல்லில் பிறந்த பிறகு நடந்தது, விந்தணுவில் அல்ல. அதனால் பிள்ளைக்குப் போகாது. உங்களுக்கும் இதனால் கூடுதல் ஆபத்து கிடையாது. இமாட்டினிப் எடுக்கும் ஆண்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் குறைபாடு கூடியதாக இதுவரை தெரியவில்லை, அதனால் குழந்தைக்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. இதே நோய் ஒரு பெண்ணுக்கு இருந்தால் கதை வேறு. கருவுற்ற தாய்க்கு இந்த மாத்திரை ஆகாது, முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மேலை நாடுகளில் 60 வயதை ஒட்டி வரும் நோய் நம் நாட்டில் 35, 40 வயதிலேயே வருவதால், இந்தக் கல்யாணக் கேள்வி எனக்கு வாரம் ஒருமுறையாவது வருகிறது.

பெண் வீட்டாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். தினமும் ராத்திரி போடும் மாத்திரையை ஒரே வீட்டில் எத்தனை நாள் ஒளிக்க முடியும்? ஒளிக்க ஆரம்பித்தால் முதலில் தவறுவது மாத்திரைதான். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் எண் ஏறிப்போய் வந்த மாப்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், எல்லோரும் மாமியார் வீட்டில் அட்டையை வெளியே எடுக்கக் கூச்சப்பட்டவர்கள். பெண்ணும் அவள் அப்பா அம்மாவும் நேரில் கேட்க விரும்பினால், தம்பியின் சம்மதத்தோடு அவனுடைய டாக்டரிடம் அழைத்துப்போங்கள். எனக்குத் தெரிந்து அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டு நடந்த கல்யாணங்கள் நிறைய உண்டு.

இந்த வாரம் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். முதல் நாள் ரிப்போர்ட்டையும் 0.08 வந்த ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மண்ணீரல் இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று டாக்டர் தம்பியின் வயிற்றை அழுத்திப் பார்க்கும்போது அம்மா பக்கத்தில் நிற்கட்டும். அளவுப் பரிசோதனையை இப்போதே ஒருமுறை செய்யச் சொல்லிக் கேளுங்கள். எண் கொஞ்சம் ஏறியிருந்தாலும் கலங்க வேண்டாம், ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் பலருக்கு அது இறங்கிவிடும். இறங்காவிட்டால் டி315ஐ போன்ற மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்கேற்ற மருந்து இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் தேதி எழுதும் வேலையை மட்டும் அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.